எந்தப் பாகத்தை முதலில் வாங்குவது?

கிரான் டுரிஸ்மோ என்னும் கார் பந்தய வீடியோ விளையாட்டுத் தொடரின் ஏழாம் பாகத்திலுள்ள உதிரிபாகக் கடைக்குள் நுழைகிறவருடைய கண், அவர் எவ்வளவு நிதானமான சுபாவம் உடையவராக இருந்தாலும், முதலில் போய் விழுவது குதிரைத்திறனைக் காட்டும் எண்ணின் மீதுதான். ஒரு டர்போவைத் தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் அந்த எண் மேலே ஏறுகிறது. பக்கத்திலேயே முறுக்குவிசையின் எண்ணும் ஏறுகிறது. இன்னும் வாங்காத பொருளின் பலன் வாங்குவதற்கு முன்பே கண்ணெதிரே பிரத்தியட்சமாகிவிடுகிறது. டயரைத் தேர்ந்தெடுத்தாலோ குதிரைத்திறன் அசைவதில்லை, எடை அசைவதில்லை. காரின் மொத்தத் தகுதியைக் குறிக்கும் பி.பி. என்ற புள்ளி மட்டும் கொஞ்சம் நகர்கிறது. ஆகவே கையிலிருக்கும் கிரெடிட் முழுவதும் எஞ்சினுக்குப் போய்ச் சேர, முன்பு நான்காவதாக வந்த கார் அடுத்த பந்தயத்திலும் நான்காவதாகவே வந்து நிற்க, ஆடுகிறவர் இதைவிடப் பெரிய டர்போ ஒன்றுக்காக மறுபடியும் பணம் சேர்க்கப் புறப்படுகிறார். இந்தச் சுழலிலிருந்து வெளியே வரும் மார்க்கத்தைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே எழுத உத்தேசித்திருக்கிறேன். பொறுமையோடு படிக்கிறவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்பது என் நம்பிக்கை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் எந்த இடத்தில் நேரத்தை இழக்கிறது என்பதை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். போனாலும் ஒரு சமயத்தில் ஒரே ஒரு பாகத்தை வாங்கிப் பூட்டி, அதே பாதையில் மறுபடியும் ஓட்டி, என்ன மாறிற்று என்று கையால் உணர்ந்த பிறகே அடுத்ததைப் பற்றி யோசிக்க வேண்டும். பத்துப் பாகங்களை ஒரே மூச்சில் வாங்கிப் பூட்டினவருக்கு, கார் முன்னைவிட நன்றாக ஓடினாலும் எதனால் ஓடுகிறது என்பது தெரியாது. கெட்டுப் போனாலும் எதைக் கழற்றுவது என்பது தெரியாது.

இந்த மாதிரி யோசிக்க வேண்டிய அவசியத்தை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை இந்தத் தொடருக்கு உண்டு. கசுனோரி யமவுச்சியின் தலைமையில் உருவான முதல் கிரான் டுரிஸ்மோ 1997 டிசம்பர் 23 அன்று ஜப்பானில் வெளிவந்தபோது, ஆடுகிறவருக்கு ஆரம்பத்தில் கிடைத்தது 10,000 கிரெடிட்தான். அதை வைத்துக்கொண்டு பழைய கார்ப் பட்டியலில் தேடி ஒரு சாதாரணக் காரை வாங்கி, சிறு பந்தயங்களில் சம்பாதித்து, சைலன்ஸராகவும் டயராகவும் கொஞ்சம் கொஞ்சமாக அதை வளர்க்க வேண்டியிருந்தது. கார் பந்தய விளையாட்டு என்றால் வரிசையாக நிற்கும் கார்களில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு பறப்பது என்றே பழகியிருந்தவர்களுக்கு, தன்னுடைய கார் தன் கையில் நாளுக்கு நாள் வேறாகிக்கொண்டு வருவதைப் பார்ப்பது ஒரு புதிய ஆனந்தமாக இருந்தது.

அந்த ஆனந்தம் ஜப்பானில் பிறந்ததற்கு ஒரு விசேஷமான காரணமும் உண்டு. 1989 தொடங்கி 2004 வரையில், ஜப்பானியக் கார் உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின்படி, உள்நாட்டில் விற்ற எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் இருப்பதாக அறிவித்ததில்லை. 1989-இல் வந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர், அந்த ஆர்32 என்னும் பிரசித்தமான மாதிரி, காகிதத்தில் 280 குதிரைத்திறன் கொண்டதுதான். ஆனால் பந்தயத்துக்கென்று தயாரானபோது அதைவிட மிக அதிகமான சக்தியை அதே எஞ்சினிலிருந்து எடுக்க முடிந்தது. 1990 முதல் 1993 வரை அனைத்து ஜப்பான் டூரிங் கார் பந்தயத் தொடரில் தான் கலந்துகொண்ட 29 பந்தயங்களிலும் அதுவே ஜெயித்தது. 2004-இல் ஹோண்டா லெஜண்ட் 300 குதிரைத்திறனோடு வந்து அந்த வரம்பை உடைக்கும் வரை, தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் உள்ளே இன்னொரு கார் ஒளிந்திருக்கிறது, நல்ல பட்டறைக்காரர் கையில் அது வெளியே வரும் என்னும் எண்ணம் ஜப்பானிய வாலிபர்களிடையே வேரூன்றியிருந்தது. விளையாட்டின் உதிரிபாகக் கடை அந்த எண்ணத்தின் வாரிசு. எஞ்சின் பாகங்களின் பட்டியல் அங்கே இவ்வளவு நீளமாக இருப்பதற்கும், நம் ஆசை முதலில் அந்தப் பக்கமே ஓடுவதற்கும் அதுதான் பூர்வ காரணம் என்று நினைக்கிறேன்.

சக்தியைக் கூட்டுவதால் என்ன கிடைக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கார் வேகமாகப் போகப் போகக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அந்த எதிர்ப்பை வென்று ஓடத் தேவைப்படும் சக்தியோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப வளர்கிறது. உச்ச வேகத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டுமானால், காற்றுக்கு மட்டுமே ஏறத்தாழ 33 சதவீதம் அதிக சக்தி வேண்டும். சரி, அந்தச் சக்தியை வாங்கியாயிற்று. நேர்பாதையின் முடிவில் முன்பு 180 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் இப்போது 200 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவு அதே வளைவு. டயரும் அதே டயர். நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆகையால், முழுவதும் நிறுத்துவதாக இருந்தால் 23 சதவீதம் அதிகத் தூரம் வேண்டியிருக்கிறது. ஆகவே பிரேக்கை முன்கூட்டியே அமுக்க வேண்டியதாகிறது. நேர்பாதையில் சம்பாதித்ததில் ஒரு பங்கு வளைவின் வாயிலிலேயே செலவாகிவிடுகிறது. வளைவுக்குள்ளேயோ பழைய வேகத்துக்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூடப் போக முடிவதில்லை. எஞ்சின் வலுத்தும் நேரம் குறையவில்லையே என்று அங்கலாய்க்கிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

டயர் வேறு ஜாதி. முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது ஆகிய மூன்று காரியங்களும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு உள்ளங்கை அகலப் பரப்புகளின் வழியாகத்தான் நடக்க வேண்டும். எஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும், பிரேக் எவ்வளவு பிடித்தாலும், டயர் தாங்குகிற அளவுக்கு மேல் ஒன்றும் தரைக்குப் போய்ச் சேருவதில்லை. எஞ்சினை வளர்த்தால் நேர்பாதை ஒன்றுதான் சுருங்குகிறது. டயரை மாற்றினால் பிரேக் அமுக்கும் இடம், வளைவின் நடு, வளைவிலிருந்து வெளியேறும் இடம் என்று பாதையின் ஒவ்வொரு பகுதியும் சுருங்குகிறது. கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேஸிங் என்று மூன்று குடும்பங்களும், ஒவ்வொன்றிலும் ஹார்டு, மீடியம், சாஃப்ட் என்று மூன்று வகைகளும் இந்த விளையாட்டில் உண்டு. சாதாரணத் தெருக்காருக்குக் கம்ஃபர்ட்டிலிருந்து ஸ்போர்ட்ஸுக்குப் போவதைப் போலக் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் மாற்றம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைக் கையால் உணர்ந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்லுகிறேன். நானே அடிக்கடி செய்து பார்ப்பதுதான். 1989-ஆம் ஆண்டின் யூனோஸ் ரோட்ஸ்டர் என்னும் மாஸ்டாவின் சிறு திறந்த காரை எடுத்துக்கொள்ளுங்கள்; 1.6 லிட்டர் எஞ்சின், 120 குதிரைத்திறன், 940 கிலோ எடை. அதை இபராகி மாகாணத்திலுள்ள சுகுபா பாதைக்குக் கொண்டு போங்கள். 2.045 கிலோமீட்டர் நீளமே உள்ள சிறிய பாதை அது. ஆனாலும் காரின் குணத்தை அறிய அதைவிடச் சிறந்த இடம் கிடைப்பது கஷ்டம். பின்புற நேர்பாதை முடிந்து கடைசியாக வரும் அந்த நீண்ட வலப்பக்க வளைவில், தொழிற்சாலை டயரோடு நுழைந்தால், பாதி வளைவிலேயே முன்டயர் முனகத் தொடங்குகிறது. திரையில் டயரைக் காட்டும் சிறு சித்திரம் சிவந்து போகிறது. ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினாலும் கார் திரும்பாமல், இடக்கரையை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டே போகிறது. பிளேஸ்டேஷன் 5-இன் கைப்பிடியில் இடது விரலுக்கு அடியிலுள்ள பிரேக் விசையை அழுத்திப் பிடித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏ.பி.எஸ். தடுக்கும்போது அந்த விசையே விரலை எதிர்த்துத் துடிக்கிறது. அந்தத் துடிப்பு எவ்வளவு தூரத்துக்கு முன்னால் ஆரம்பிக்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்போர்ட்ஸ் டயரை மட்டும் பூட்டி, வேறொன்றையும் தொடாமல், அதே வளைவுக்கு வாருங்கள். சிவப்பு வருகிற இடம் தள்ளிப் போயிருக்கும்; துடிப்பு பிந்தித் தொடங்கும்; முன்பு காலை எடுத்துக் காத்திருந்த இடத்தில் இப்போது முடுக்கத் தொடங்கலாம். அந்த வளைவை அடுத்து வருவது தொடக்கக் கோடு உள்ள நேர்பாதை ஆதலால், வளைவில் அதிகமாக எடுத்து வந்த வேகம் நேர்பாதை முழுவதும் கூடவே வருகிறது. ஒரு குதிரைத்திறன் கூடக் கூட்டாமலே நேர்பாதையிலும் கார் வேகமாகப் போவதை வேகமானியில் பார்க்கும்போது உண்டாகும் தெளிவை எந்தக் கட்டுரையாலும் உண்டாக்க முடியாது.

ஆனால் டயர்தான் பிரதானம் என்பதால் உள்ளதிலேயே மென்மையான ரேஸிங் டயரை எல்லாக் காருக்கும் பூட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. இந்தத் தொடரின் ஐந்தாம் ஆறாம் பாகங்களில் பி.பி. கணக்கிடும்போது டயரைச் சேர்த்துக்கொள்வதில்லை. நல்ல டயர் புள்ளிச் செலவு இல்லாமல் கிடைத்தது. பந்தய விதிகள்தான் டயருக்குத் தனியாக வரம்பு விதிக்க வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில் வெளிவந்த ஏழாம் பாகத்தில் டயரும் கணக்கில் சேர்ந்துவிட்டது. 600 பி.பி. என்று வரம்பு விதித்த பந்தயத்துக்குப் போகிறவர் மென்மையான டயரைப் பூட்டினால், அந்தப் புள்ளிகளை எஞ்சினிலிருந்தோ எடையிலிருந்தோ திருப்பிக் கொடுக்க வேண்டும். வளைவுகள் நிறைந்த பாதையில் இது லாபகரமான வியாபாரம். நீண்ட நேர்பாதைகள் உள்ள இடத்தில் நஷ்டம். மென்மையான டயர் சீக்கிரம் தேய்வது வேறு இருக்கிறது. பல சுற்றுகள் கொண்ட பந்தயத்தில் டயர் மாற்ற ஒரு தடவை அதிகமாகப் பிட்டுக்குள் நுழைய நேர்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் சம்பாதித்தது ஒரே நிறுத்தத்தில் போய்விடும். இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். எதை எடுத்தாலும் ஒன்றை விட வேண்டும் என்ற நிலை வந்தால்தான் தேர்வு என்பதற்கே ஒரு கௌரவம் உண்டாகிறது. பி.பி. கணக்கை ஏமாற்றிப் புள்ளியைக் குறைத்துக் காட்டும் விநோதமான அமைப்புகளைச் சிலர் கண்டுபிடித்ததும், பிற்பாடு வந்த புதுப்பிப்புகளில் அவை அடைக்கப்பட்டதும் உண்டு. அந்தக் குறுக்கு வழிகளில் எனக்கு ஒருபோதும் ருசி ஏற்பட்டதில்லை.

டயருக்கு அடுத்த ஸ்தானத்தை எடைக் குறைப்புக்குக் கொடுப்பேன். அதே ரோட்ஸ்டரின் 940 கிலோவில் பத்தில் ஒரு பங்கு குறைந்து 846 கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் சுமக்க வேண்டிய எடையைக் கணக்கிட்டால், எடையைத் தொடாமல் சக்தியை 120-லிருந்து ஏறத்தாழ 133-க்கு உயர்த்தியதற்கு அது சமம். முடுக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்தப் பதின்மூன்று குதிரைத்திறன் வளைவில் ஒன்றும் செய்வதில்லை. குறைந்த 94 கிலோவோ வளைவிலும், பிரேக்கிலும், இடமிருந்து வலமாகச் சட்டென்று திரும்பும் இடத்திலும், டயர் தேய்மானத்திலும், பெட்ரோல் செலவிலும் ஒவ்வொரு வினாடியும் உதவிக்கொண்டேயிருக்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: எடைக் குறைப்பும், உடற்கூட்டை உறுதிப்படுத்துவதும் ஒரு தடவை செய்துவிட்டால் மற்றப் பெரும்பாலான பாகங்களைப் போலக் கழற்றி அலமாரியில் வைக்கக் கூடியவை அல்ல. தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவிலேயே ஒரு சரித்திரக் காரை வைத்திருக்க விரும்புகிறவர்கள் அந்தப் பொத்தானை அழுத்துமுன் யோசிப்பது நல்லது. எனக்குப் பிரியமான கார்களில் சிலவற்றை நான் தொடாமலே வைத்திருக்கிறேன். வேண்டுமானால் இன்னொன்றை வாங்கி அதை மாற்றிக்கொள்கிறேன்.

மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன் சமீபத்தில் தொலைபேசியில் அழைத்தான். அவனிடம் 1990-களின் ஹோண்டா சிவிக் டைப் ஆர் இருக்கிறது, 1.6 லிட்டர் எஞ்சினிலிருந்து டர்போ இல்லாமலே 185 குதிரைத்திறன் எடுத்த அற்புதமான கார், முன்சக்கர ஓட்டம் உடையது.

“மாமா, எஞ்சினுக்கு என்னென்ன உண்டோ எல்லாத்தையும் வாங்கிப் போட்டுட்டேன். நேரா போறப்போ பறக்குது. ஆனா வளைவுல திரும்பவே மாட்டேங்குது. வெளியிலேயே இழுத்துக்கிட்டுப் போகுது.”

“டயர் என்னடா போட்டிருக்கே?”

“வாங்கறப்போ இருந்ததுதான் மாமா.”

“அப்போ எஞ்சினுக்குப் போட்டதுல கழட்ட முடிஞ்சதையெல்லாம் கழட்டி வெச்சுட்டு, ஸ்போர்ட்ஸ் டயர் மட்டும் போட்டு ஓட்டிப் பாரு. முன்சக்கரம் ரெண்டும்தானே இழுக்கணும், திருப்பணும், பிரேக்ல பாதிக்கு மேல தாங்கணும்? அதுங்க தலையில இன்னும் சுமையை ஏத்தினா எப்படித் திரும்பும்?”

“பிரேக் வாங்க வேண்டாமா மாமா? ஸ்லாட் போட்ட டிஸ்க் எல்லாம் இருக்கு.”

அவனுடைய அந்தக் கடைசிக் கேள்விக்குத் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்துச் சொல்லுகிறேன். அமுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு, அதாவது ஏ.பி.எஸ். தலையிட வேண்டிய அளவுக்கு, இருக்கிற பிரேக்கே வல்லமை உடையதாக இருக்குமானால், அதைவிட வலிய பிரேக்கை வாங்கினாலும் கார் சீக்கிரமாக நிற்பதில்லை. சக்கரத்தை நிறுத்துவது பிரேக்; காரை நிறுத்துவது டயர். மிக வேகமான கார்களில், ரேஸிங் டயர் பூட்டிய பிறகு, பழைய பிரேக்கால் அந்த டயரின் பிடிப்பை முழுவதும் உபயோகிக்க முடியாத நிலை வரும்போதுதான் பிரேக் வாங்க வேண்டிய காலம். அதற்கு முன்பு, முன்பின் பிரேக் பங்கீட்டை மாற்ற உதவும் கருவி ஒன்றை வாங்குவது அதிகப் பிரயோஜனம். பிரேக் அமுக்கிக்கொண்டே வளைவுக்குள் நுழையும்போது காரின் மூக்கு உள்ளே வர வேண்டுமா, வால் அமைதியாக இருக்க வேண்டுமா என்பதை அது தீர்மானிக்கும்.

சஸ்பென்ஷன் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: எவ்வளவு தாழ்வாகவும் எவ்வளவு இறுக்கமாகவும் வைக்கிறோமோ அவ்வளவும் நல்லது என்பது. மழமழவென்ற பாதையில் ஓரளவுக்கு அது மெய்தான். ஆனால் ஜெர்மனியில் ஐஃபல் மலைக்காட்டின் நடுவே 20.832 கிலோமீட்டர் ஓடும் நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்றுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே தரை ஒரு சமமாக இராது. மேடு ஏறி இறங்குகையில் கார் எழும்பி விழும். கருசெல் என்னும் சாய்ந்த கான்கிரீட் வளைவில் ஒவ்வொரு பலகையின் இடுக்கிலும் சக்கரம் குதிக்கும். இறுக்கமான ஸ்பிரிங் உடைய காரின் சக்கரங்கள் அங்கே அடிக்கடி தரையை விட்டு அந்தரத்தில் நிற்கின்றன. அந்தரத்தில் நிற்கும் டயர் எந்த விலை கொடுத்து வாங்கியதானாலும் ஒரே மதிப்புதான். உயரம், ஸ்பிரிங்கின் இயல் அதிர்வு, டேம்பர், கேம்பர், டோ எல்லாவற்றையும் தனித்தனியே மாற்றக்கூடிய சஸ்பென்ஷனை வாங்கச் சொல்வது இதற்காகத்தான். பாதைக்குத் தக்கபடி மாற்றி அமைக்கும் சுதந்திரத்துக்கே அங்கே நாம் விலை கொடுக்கிறோம்.

வளைவிலிருந்து வெளியேறும் இடத்தில் நேரம் போகிறது என்று கண்டால் டிஃபரன்ஷியலைப் பார்க்க வேண்டும். கார் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. உட்பக்கச் சக்கரம் லேசாகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில், பிடிப்பை இழந்த உட்சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கியதும், பாரம் தாங்கி நிற்கும் வெளிச்சக்கரத்துக்கும் அதற்கு மேல் விசை போவதில்லை. மறுகாட்சியை ஓடவிட்டுப் பின்புறக் காமிராவில் பார்த்தால், ஹேர்பின் என்னும் கூரிய வளைவை விட்டு வெளியே வரும்போது ஒரு சக்கரத்தில் மட்டும் புகை எழுவதை நன்றாகக் காணலாம். எல்.எஸ்.டி. என்னும், நழுவலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் விசை அப்படி வீணாவதைத் தடுக்கிறது. தொடக்க முறுக்கு, முடுக்கும்போது எவ்வளவு இறுக வேண்டும், பிரேக் அமுக்கும்போது எவ்வளவு இறுக வேண்டும் என்று மூன்று எண்களை மாற்றிக்கொள்ளும் வகையே என் விருப்பம். முடுக்கத்துக்கான எண்ணை அளவுக்கு மீறி ஏற்றினால் பின்சக்கர ஓட்டமுள்ள காரில் இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்தே நழுவி வால் சுழன்றுவிடும்; முன்சக்கர ஓட்டமுள்ள காரிலோ மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும். சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகு எஞ்சினுக்கு வரலாம். அதையும் அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. அங்கேயும் உச்ச எண்ணைப் பார்த்து வாங்குவதில் பிரயோஜனமில்லை. உயர்சுழற்சி டர்போ பெரிய எண்ணைக் காட்டும். ஆனால் அந்தச் சக்தி எஞ்சினின் சுழற்சி உச்சத்துக்கு ஏறின பிறகுதான் கிடைக்கும். சுகுபாவின் ஹேர்பின்னில் இரண்டாம் கியரில் வெளியே வரும்போது எஞ்சின் அந்த உயரத்தில் இராது. டர்போ விழித்துக்கொள்வதற்குள் பக்கத்துக் கார் போய்விடும். குறைந்த சுழற்சியிலேயே வேலை செய்யும் சிறிய டர்போ அங்கே ஜெயிக்கும். பிரான்ஸில் லெ மான் நகரின் சார்த் பாதைக்குப் போனால் கதை தலைகீழ். 13.626 கிலோமீட்டர் பாதை. மூல்ஸான் நேர்பாதையில் 1990 முதல் ஷிகேன் என்னும் வேகத்தடை வளைவுகள் இரண்டு குறுக்கிட்டாலும், உச்ச கியரில் நீண்ட நேரம் ஓட வேண்டிய இடம். விளையாட்டில் ஷிகேன் இல்லாத வடிவமும் உண்டு. அங்கே எஞ்சின் எப்போதும் மேல் சுழற்சியிலேயே இருக்கும். பெரிய டர்போவுக்குரிய க்ஷேத்திரம் அதுதான். கியர் விகிதங்களையும் பாதைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளாவிட்டால், நேர்பாதையின் பாதியிலேயே கடைசி கியர் தீர்ந்துபோய் வாங்கின சக்தி அனைத்தும் வீணாகும்.

பின்னிறக்கை பற்றியும் ஒரு வார்த்தை. காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், 180 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் அழுத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் 60 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும். மெதுவான ஹேர்பின்கள் நிறைந்த பாதைக்கு இறக்கை பூட்டுவது அழகுக்கு ஆகுமே தவிர வேறு பலன் குறைவு.

மற்றொரு பெரிய தொடரான ஃபோர்ஸாவைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. மெக்சிகோவில் நடப்பதாக அமைந்து 2021 நவம்பரில் வெளிவந்த ஃபோர்ஸா ஹொரைசன் 5-இல், 500 புள்ளி வரை டி, 600 வரை சி, 700 வரை பி, 800 வரை ஏ, 900 வரை எஸ்1, 998 வரை எஸ்2, அதற்கு மேல் எக்ஸ் என்று வகுப்புகள் பிரிந்திருக்கின்றன. வகுப்பின் உச்சப் புள்ளியைச் சரியாகத் தொடும்படி பாகங்களைப் பொறுக்கி அடுக்குவது அங்கே ஒரு தனிக் கலை. எஞ்சினையே மாற்றலாம், இரண்டு சக்கர ஓட்டத்தை நான்கு சக்கர ஓட்டமாக்கலாம். மண் பாதையில் நான்கு சக்கர ஓட்டம் நியாயமானதே. ஆனால் எந்தக் காரை எடுத்தாலும் அதே எஞ்சின், அதே நான்கு சக்கர ஓட்டம் என்று அடைத்துக் கார்களின் தனித்தன்மையை அழித்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஒரே பொத்தானில் வகுப்புக்குரிய பாகங்களைத் தானே பூட்டிவிடும் வசதியும் அதில் இருக்கிறது. அவசரக்காரர்களுக்கு உதவும் என்றாலும், காரோடு பரிச்சயம் ஏற்படும் வாய்ப்பையே அது பறித்துவிடுகிறது என்பது என் திடமான எண்ணம்.

கடைசியாக, கிரான் டுரிஸ்மோ ஏழாம் பாகத்தில் சார்த் பாதையில் நடக்கும் 700 பி.பி. வரம்புள்ள 30 நிமிடப் பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே பெட்ரோல் செலவாகும், டயர் தேயும், பாதி வழியில் மழை வரவும் கூடும். சக்தியைக் கூட்டக் கூட்டப் பெட்ரோல் சீக்கிரம் தீரும் ஆதலால், எஞ்சினுக்குப் புள்ளிகளைக் கொட்டின கார் அதிகத் தடவை பிட்டுக்குள் நுழையும். ஓடும்போதே 1 முதல் 6 வரை மாற்றிக்கொள்ளக்கூடிய எரிபொருள் அளவையைச் சிக்கனமான பக்கம் திருப்பி, நேர்பாதை முடிவதற்குக் கொஞ்சம் முன்பே காலை எடுத்து ஓட்டப் பழகினால் ஒரு நிறுத்தத்தை மிச்சப்படுத்தலாம். மழை விஷயம் இதைவிட முக்கியம். பந்தயத்தின் நடுவே பிட்டுக்குள் வந்தால், முன்பே கடையில் வாங்கி அந்தக் காருக்கென்று வைத்திருக்கும் டயர்களில்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். வாங்காத டயர் பட்டியலில் இராது. எனவே அந்தப் பந்தயத்துக்கென்று ஒரு காரைத் தயார் செய்கிறவர்கள், எஞ்சின் பாகங்களின் பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, இன்டர்மீடியட் டயர் ஒரு செட்டும் மழை டயர் ஒரு செட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.